எட்டாம் மாதம் வேகம் குறைந்தது ஏன்? மருத்துவமனை ஸ்டோரில் ஒரு வேலைவாய்ப்பு: நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர், கூடுதல் குரோமோசோமால் பிறவியிலேயே அமையும் டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு பெண். வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது 24. பெரிய மருத்துவமனை ஒன்றின் ஸ்டோரில் அவருக்கு வேலை அமைந்தது எப்படி, எட்டாம் மாதத்தில் அது ஏறத்தாழ கைநழுவியது ஏன், எதனால் நிலைத்தது என்பதை வேலைவாய்ப்பு ஆதரவுக் குழுவினராகிய நாங்கள் பதிவு செய்கிறோம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினோம். தன் எடையைப் பற்றிய வரியை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டோம். மற்றவற்றுக்குச் சம்மதம் தந்தார்.

பின்னணி

18 வயது வரை சிறப்புப் பள்ளி. அதன்பின் அதே வளாகத்தில் இருந்த தொழிற்பயிற்சிப் பிரிவு. அங்கே ஐந்தாண்டுகள் காகித உறை ஒட்டப் பயின்றவர், ஆறாவது ஆண்டும் அதையேதான் பயின்றுகொண்டிருந்தார். அவர் படித்த பள்ளியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. "முதலில் தயாராகட்டும், வேலையைப் பிறகு பார்க்கலாம்" என்ற எண்ணத்தில் நடக்கும் எந்த ஏற்பாட்டிலும் அந்தப் 'பிறகு' சுலபமாக வருவதில்லை. ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்துவது அறிவுசார் குறைபாடு உள்ள பலருக்குக் கடினம். பயிற்சிக்கூடத்து மேசையில் கைவந்த வேலை தொழிற்சாலை மேசையில் கைவராமல் போகலாம்.

இதற்கு மாற்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சைக்கிள் பிரேக்கின் பாகங்களைக் கோத்துப் பூட்டும் வேலையை, கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களாலும் செய்ய முடியும் என்று அமெரிக்காவின் மார்க் கோல்டு 1970களிலேயே செய்து காட்டினார். கற்பிக்கும் முறை சரியாக அமைந்தால் போதும் என்பதே அவர் வாதம். அடுத்த பத்தாண்டுகளில் 'முதலில் வேலையில் அமர்த்து, அங்கேயே கற்றுக்கொடு' என்ற ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு முறை உருவாகி, 1986இல் அந்நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது. எங்கள் குழு பின்பற்றுவது இந்த முறைதான்.

எங்களிடம் வந்த கோப்பில் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) எண்ணும், 'மேற்பார்வை தேவை' என்ற வரியும் இருந்தன. வேலை தேடுவதற்கு அவை இரண்டும் உதவவில்லை. உதவியது அவருடைய வீட்டில் கண்ட ஒரு காட்சி. பாட்டியின் வாராந்திர மாத்திரைப் பெட்டியை, அம்மா பக்கத்தில் இருக்க, அவரே நிரப்புவார். மாத்திரையின் நிறத்தையும் அட்டையின் வடிவத்தையும் வைத்து அடையாளம் கண்டார். எந்தக் கட்டம் காலி என்பதை ஒரே பார்வையில் கண்டுகொண்டார். ஆனால் "முதலில் இது, அடுத்து அது, அதற்கப்புறம் இன்னொன்று" என்று வாயால் சொன்னால் இரண்டாவதிலேயே நின்றுவிடுவார். டவுன் சின்ட்ரோமில் காதால் கேட்டதை நினைவில் வைக்கும் திறனைவிடக் கண்ணால் கண்டதை நினைவில் வைக்கும் திறன் பொதுவாக மேலாக இருக்கும். அவரிடமும் அப்படியே இருந்தது.

என்ன வேலைக்கு ஆசை என்று கேட்டோம். "யூனிஃபார்ம் போட்டு, கழுத்துல கார்டு மாட்டிக்கிட்டுப் போற வேலை" என்றார். தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு எங்களுக்குக் கிடைத்ததில்லை.

காலிப் பணியிடம் இல்லாத இடத்தில் வேலை தேடியது

மருத்துவமனை எந்த விளம்பரமும் கொடுத்திருக்கவில்லை. விளம்பரம் வரும் வேலைகள் பெரும்பாலும் 'இதுவும் தெரிய வேண்டும், அதுவும் தெரிய வேண்டும்' என்று ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டவை. அதில் ஒன்று தெரியாவிட்டாலும் ஆள் தள்ளுபடி. ஆகவே வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க அனுமதி கேட்டு வார்டுகளுக்குப் போனோம்.

ஷிப்ட் முடியும் நேரத்தில் செவிலியர்கள் கையுறை, சிரிஞ்சு, பஞ்சுத்துணி, ஐ.வி. செட் ஆகியவற்றை அலமாரிகளில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நோயாளி மணி அடித்தால் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார்கள். காலாவதித் தேதி பார்ப்பது மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய வேலை. நேரம் கிடைத்தால் நடக்கும், இல்லாவிட்டால் தள்ளிப்போகும். செய்தே ஆக வேண்டிய, ஆனால் யாருடைய முதல் வேலையாகவும் இல்லாத ஒரு வேலை அங்கே பல பேர் கையில் சிதறிக் கிடந்தது. அதைத் திரட்டி ஒரு பணியிடமாக்கலாம் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டோம்.

கருணையைக் காட்டிக் கேட்கவில்லை. 1996இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 'ப்ராஜெக்ட் சர்ச்' தொடங்கிய கதையைச் சொன்னோம். அவசரப் பிரிவின் பொறுப்பில் இருந்த எரின் ரீல் என்ற செவிலியருக்கு, பொருள் நிரப்பும் வேலைக்கு வருபவர்கள் நிலைக்காமல் போய்க்கொண்டே இருந்ததுதான் தலைவலி. வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களை அந்த வேலைக்கு எடுத்துப் பார்த்தார். இன்று அந்தத் திட்டம் பல நாடுகளில் நடக்கிறது. நிர்வாக அதிகாரி இதைக் கேட்டுப் பெரிதாக ஈர்க்கப்பட்டதாகத் தெரியவில்லை. செவிலியர் கண்காணிப்பாளர்தான் "எங்க ஆளுங்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும்னா எனக்குச் சம்மதம்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

நேர்காணலும் சம்பளமும்

நேர்காணல் வேண்டாம் என்றோம். கேள்விக்குப் பதில் சொல்லும் திறமையை அளக்கும் சோதனை, அலமாரி நிரப்பும் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்குப் பதிலாக ஸ்டோரிலேயே அரைநாள் வேலை செய்து காட்டினார்.

சம்பளப் பேச்சுதான் இழுத்தது. 'பயிற்சியாளர்' என்ற பெயரில் ஒரு ஊக்கத்தொகை தருகிறோம், பிறகு பார்க்கலாம் என்றது நிர்வாகம். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட தனிக்கூலிக்குத் தற்காலிகம் என்று பெயர் வைத்தாலும் அது எளிதில் முடிவுக்கு வராது. மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாகக் கொடுக்க 1938ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் அனுமதித்தது. அந்த விதிவிலக்கு பல தலைமுறைகளைத் தாண்டி உயிரோடு இருந்தது. 2006இல் நிறைவேறிய ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, சமமான மதிப்புள்ள வேலைக்குச் சமமான ஊதியம் என்கிறது. பணியிடத்தில் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்து கொடுப்பதையும் அதே பிரிவு உரிமையாக வைக்கிறது. தனியே ஒதுக்கிவைத்து நடத்தப்படும் பட்டறைகள் அந்த உரிமையை நிறைவேற்றுவதாகாது என்பது உடன்படிக்கைக் குழு 2022இல் வெளியிட்ட பொதுக் கருத்துரையின் நிலை.

இவற்றை மேசையில் வைத்தோம். ஆனால் பேச்சை முடித்துவைத்தது வேறொன்று. நாளுக்கு நான்கு மணி நேர வேலை, அந்த நேரத்துக்கு ஸ்டோர் உதவியாளருக்கு உரிய அதே விகிதம், எல்லாருக்கும் உள்ள அதே தகுதிகாண் காலம். இப்படிக் கேட்டபோது நிதிப் பிரிவுக்குப் புதிதாக எந்த விதியும் எழுத வேண்டியிருக்கவில்லை.

அம்மாவின் கவலை வேறு. "அவ கையில பணம் வந்தா யாராவது பிடுங்கிக்குவாங்க" என்றார். வங்கிக் கணக்கு மகளின் பெயரில், அட்டையும் மகளிடமே, ஒருநாளில் எடுக்கக்கூடிய தொகைக்கு வரம்பு என்று பேசி முடிவெடுத்தோம். உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற கேள்வியும் வந்தது. அதற்கு உரிய அலுவலகத்திடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டுதான் பணி ஆணையில் கையெழுத்துப் போடச் சொன்னோம். வாய்வழி உறுதியை நம்பி வேலைக்குப் போய், பிறகு கொடுத்த உதவித்தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தால், அந்தக் குடும்பம் மறுபடி வேலை என்ற பேச்சையே எடுக்காது.

குழந்தைப் பருவத்தில் அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. டவுன் சின்ட்ரோமில் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே தளர்வு இருக்க வாய்ப்புண்டு என்பதால் மருத்துவரிடம் கேட்டோம். தள்ளுவண்டி தள்ளலாம், சலைன் பெட்டிகளைத் தலையிலோ தோளிலோ சுமக்க வேண்டாம் என்றார். அது பணிக்குறிப்பில் சேர்ந்தது.

தேதி பார்க்கக் கற்றது

அலமாரி நிரப்புவது சீக்கிரம் வந்துவிட்டது. எண்ணிக்கை தேவைப்படாதபடி வேலையையே மாற்றியதுதான் காரணம். ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி. முன்பெட்டி காலியானால் பின்பெட்டியை முன்னே இழுத்துவிட்டு, காலிப் பெட்டியை வண்டியில் வைத்து ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். பெட்டியில் ஒட்டியிருக்கும் படமே எதை நிரப்ப வேண்டும் என்று சொல்லிவிடும். இது மாற்றுத்திறனாளிகளுக்காக உருவான ஏற்பாடு கிடையாது. தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் இரட்டைப் பெட்டி முறை என்ற பெயரில் ஏற்கெனவே புழங்குவதுதான். இருபதுக்கு மேல் எண்ணத் தடுமாறுபவருக்கு எண்ணக் கற்றுக்கொடுப்பதில் மாதங்களைச் செலவழிக்காமல், எண்ணத் தேவையில்லாத வேலையாக அதை அமைத்தோம்.

காலாவதித் தேதி அப்படிப் படியவில்லை. ஒரு பாக்கெட்டில் ஆண்டு முதலில், இன்னொன்றில் மாதம் முதலில், மற்றொன்றில் மாதத்தின் பெயர் சுருக்கமாக. போதாக்குறைக்குத் தயாரித்த தேதியும் பக்கத்திலேயே இருக்கும். வேலையிடத்தில் அவரோடு இருந்து கற்றுக்கொடுத்த எங்கள் பயிற்றுநரே முதல் நாளில் ஒன்றிரண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மருத்துவக் கருவிகளின் உறையில் போடும் குறியீடுகளுக்கென்று ஐ.எஸ்.ஓ. 15223 என்ற உலகத் தரம் இருக்கிறது. அதன்படி காலாவதித் தேதிக்கு மணல் கடிகாரப் படம், தயாரித்த தேதிக்குத் தொழிற்சாலைப் படம். மணல் கடிகாரத்தைத் தேடக் கற்றுக்கொடுத்தோம். தேடிப் பிடிப்பது உடனே வந்தது. ஆனால் பிடித்த தேதி இந்த மாதத்துக்கு முன்னதா பின்னதா என்று ஒப்பிடுவது நிலைக்கவில்லை. ஒருநாள் சரியாக இருக்கும், மறுநாள் ஆண்டை விட்டுவிட்டு மாதத்தை மட்டும் பார்ப்பார். நோயாளியின் உடலுக்குள் போகும் பொருளில் 'பெரும்பாலும் சரி' என்பதற்கு இடமில்லை.

எனவே ஒப்பிடும் வேலையை ஸ்டோருக்குச் சரக்கு வரும் இடத்துக்கே நகர்த்தினோம். சரக்கைப் பிரிக்கும் ஊழியர் எப்படியும் தேதியைப் பதிவு செய்கிறார். அப்போதே, காலாவதியாகும் காலாண்டுக்கு ஏற்ப ஒரு வண்ணப் புள்ளியைப் பாக்கெட்டில் ஒட்டிவிடச் சொன்னோம். ஒவ்வொரு காலாண்டின் தொடக்கத்திலும் நம் பணியாளரின் கழுத்துக் கார்டின் பின்புறத்தில் 'எடுக்க வேண்டிய வண்ணம்' மாறும். அந்த வண்ணத்தை வார்டுகளிலிருந்து பொறுக்கி வந்தால் போதும். புள்ளியே இல்லாத பாக்கெட் எதைக் கண்டாலும் தனிப் பெட்டியில் போட்டு ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இரண்டாவது விதி. இந்த இரண்டாவது விதியைப் பின்னால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

கற்றுக்கொடுத்த விதத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பயிற்றுநர் பேச்சைக் குறைத்தார். "அடுத்து என்ன?" என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கேள்வியே வேலையின் ஒரு படியாகிவிடும். கேள்வி வராத நாளில் கை நின்றுவிடும். சரியாகச் செய்யும்போது பேசாமல் இருந்தார், தவறப்போகும் தருணத்தில் மட்டும் விரலால் காட்டினார். பார்த்தவர்களுக்கு அது அலட்சியமாகத் தெரிந்திருக்கலாம்.

பயிற்றுநர் விலகியது

எப்போது விலகுவது என்பது முதல் வாரத்திலேயே தாளில் இருந்தது. முதலில் பக்கத்தில், பிறகு வண்டிக்குப் பின்னால், பிறகு ஸ்டோர் வாசலில், பிறகு வேறு தளத்தில். இடையூறு பணியாளரிடமிருந்து வரவில்லை, சுற்றியிருந்தவர்களிடமிருந்து வந்தது. வார்டில் யாருக்கு என்ன தேவையென்றாலும் பயிற்றுநரைப் பார்த்தே கேட்டார்கள். "இவங்க இடைவேளைக்குப் போகலாமா?" என்றுகூடப் பயிற்றுநரிடம்தான் கேள்வி. "அவங்ககிட்டயே கேளுங்க" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்தது.

ஸ்டோரில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஓர் ஊழியர் இருந்தார். யாரும் அவரிடம் பொறுப்பை ஒப்படைக்கவில்லை. "ஏம்மா, அந்த வண்டியைக் குறுக்க விடாத, யாராவது விழப்போறாங்க" என்று மற்றவர்களை அதட்டுவதுபோலவே இவரையும் அதட்டினார். இடைவேளைக்குத் தன்னோடு உட்கார வைத்துக்கொண்டார். வார்டில் சிலர் "பாப்பா" என்று கூப்பிட்டபோது, "அவங்க பேரு கார்டுல இருக்கு பாருங்க" என்றார். நம் பணியாளர் அவரை "அக்கா" என்பார். அக்காவுக்கு நாங்கள் எந்தப் பயிற்சியும் தரவில்லை. சந்தேகம் வந்தால் எங்களைக் கூப்பிட ஓர் எண்ணை மட்டும் கொடுத்தோம். ஐந்தாம் மாதம் பயிற்றுநரின் வருகை மாதம் ஒருமுறை தலைகாட்டுவதாகச் சுருங்கியது.

எட்டாம் மாதம்

செவிலியர் கண்காணிப்பாளரிடமிருந்து அழைப்பு வந்தது. வார்டுச் சுற்று முடிய முன்பைவிட வெகுநேரம் ஆகிறது. நடுவில் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துவிடுகிறார். சொன்னதைச் செய்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வார்டில் காலாவதியான ஐ.வி. ஊசி பாக்கெட் ஒன்று கிடைத்திருக்கிறது. யாருக்கும் பயன்படுத்தப்படவில்லை, ஆனாலும் அது சம்பவப் பதிவேட்டில் ஏறிவிட்டது.

ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். "ஆரம்பத்துல ஆர்வம் இருந்துச்சு, இப்ப சலிச்சுப்போச்சு" என்பது வார்டின் விளக்கம். "வேலை ஜாஸ்தி, நிறுத்திடலாம்" என்பது அம்மாவினுடையது. பின்னறையில் துணி மடிக்கும் வேலைக்கு மாற்றலாம், அங்கே ஆபத்தில்லை என்பது நிர்வாகத்தினுடையது. எங்கள் குழுவிலேயே ஒருவர், பயிற்றுநரை முழுநேரமாக மறுபடி அனுப்ப வேண்டும் என்றார். நான்கும் வெவ்வேறு தீர்வுகளாகத் தோன்றினாலும், கோளாறு அந்தப் பெண்ணுக்குள் இருக்கிறது என்பதில் நான்கும் ஒன்றுபட்டிருந்தன. வேறு ஊழியர் யாராவது எட்டாம் மாதத்தில் திடீரென்று மந்தமானால், உடம்புக்கு என்ன என்றுதான் முதலில் கேட்பார்கள்.

எடுத்த முடிவும் காரணமும்

முதலில், நோயாளிகளின் பாதுகாப்பு. எல்லா வார்டுகளிலும் தேதிகளை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்று அன்றே கேட்டுக்கொண்டோம். நம் பணியாளர் போகும் வார்டுகளில் மட்டும் வேண்டாம், எல்லாவற்றிலும் என்று அழுத்திச் சொன்னோம். ஒருவரை மட்டும் கண்காணித்தால் பிழை அவரிடம் மட்டுமே தென்படும்.

பயிற்றுநரை முழுநேரமாக அனுப்ப மறுத்தோம். அனுப்பியிருந்தால் வேலை மறுநாளே சீராகியிருக்கும். பயிற்றுநரின் கை அந்த ஓட்டையை மூடியிருக்கும், ஓட்டை எங்கே என்பது மட்டும் தெரியாமலே போயிருக்கும். வார்டும் பழையபடி அவரிடமே பேசத் தொடங்கியிருக்கும்.

மூன்றாவதாக, மருத்துவமனை கூட்டிய கலந்தாய்வுக்கு அந்தப் பெண் அழைக்கப்படவில்லை என்று தெரிந்ததும், அவர் இல்லாமல் கூட்டம் வேண்டாம் என்றோம். ஒருநாள் தள்ளிவைத்தார்கள். அவர் வந்தார். ஒரே கேள்வி கேட்டோம்: "இப்ப வேலையில எது கஷ்டமா இருக்கு?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சத்தம் கேக்கல. திரும்பக் கேட்டா கோவப்படுறாங்க" என்றார். சற்றுப் பொறுத்து, "கால் கனமா இருக்கு" என்றும் சொன்னார்.

அதன்பின் மூன்று இடங்களில், இந்த வரிசையில் தேடுவது என்று தீர்மானித்தோம்: உடம்பில் என்ன மாறியது, வேலையிடத்தில் என்ன மாறியது, ஆட்களில் என்ன மாறியது. உடம்பை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. குறைபாடு உள்ளவருக்கு வரும் எந்த அறிகுறியையும் 'அது அந்தக் குறைபாட்டினால்தான்' என்று ஒதுக்கிவிடும் பழக்கம் மருத்துவர்களிடமும் உண்டு, குடும்பத்திலும் உண்டு, எங்களைப் போன்றவர்களிடமும் உண்டு. டவுன் சின்ட்ரோமில் தைராய்டு குறைவும் காது கேளாமையும் மிகச் சாதாரணமாக வருபவை. தைராய்டை ஆண்டுதோறும் பார்க்கச் சொல்லும் பரிந்துரை இருக்கிறது.

கண்டவை

இரத்தப் பரிசோதனையில், தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனின் அளவு நன்றாக உயர்ந்திருந்தது, தைராய்டு சுரப்பு போதவில்லை. குழந்தை மருத்துவரிடம் போன காலம் வரை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறார்கள். வயது வந்து அந்த மருத்துவரை விட்ட பிறகு, இனி யார் பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. காதைப் பார்த்த மருத்துவர் இரண்டு பக்கமும் அழுக்கு அடைத்திருப்பதையும், ஒரு பக்கத்தில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருப்பதையும் கண்டார்.

வேலையிடத்தில் நடந்தது இது. ஸ்டோரில் புதிய மென்பொருள் வந்திருந்தது. அது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பட்டைக்கோட்டோடு (பார்கோடு) ஒரு லேபிளை அச்சிட்டுத் தரும். லேபிளில்தான் தேதி இருக்கிறதே என்று வண்ணப் புள்ளி ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. புள்ளி எதற்காக இருந்தது என்பது எந்த நடைமுறைக் குறிப்பிலும் எழுதப்பட்டிருக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது விதி நினைவிருக்கலாம். புள்ளி இல்லாத பாக்கெட்டுகளை நம் பணியாளர் சொன்னபடியே பொறுக்கி ஸ்டோருக்குக் கொண்டுவந்தார். ஸ்டோரில் அவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கொண்டுவந்தார், திட்டு விழுந்தது. சில வாரங்களில் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். சுற்று நீண்டுபோனதற்கும் இதில் ஒரு பங்கு இருந்தது.

இரண்டாவது ஆள் சரிபார்க்கத் தொடங்கியதும் இன்னொன்றும் வெளிப்பட்டது. நம் பணியாளர் காலெடுத்து வைக்காத இரண்டு வார்டுகளிலும் காலாவதியான பொருள்கள் கிடைத்தன. அவையும் மென்பொருள் மாறிய பிறகு வந்த சரக்கு.

ஆட்களில், அக்கா இரவு ஷிப்டுக்கு மாறியிருந்தார். புதிய பொறுப்பாளர் நல்ல மனிதர், ஆனால் வேகமாகப் பேசுபவர். "மொதல்ல நாலாவது வார்டு, அப்புறம் ஐ.சி.யூ., வழியில லேப்ல இதைக் குடுத்துட்டு வந்துடு" என்பார். காது மந்தமான ஒருவர், மூன்று கட்டளைகளைக் காதால் வாங்கி வைக்கச் சிரமப்படும் ஒருவர், வண்டிச் சத்தத்துக்கு நடுவே அதைக் கேட்க வேண்டும்.

பிறகு நடந்தது

வண்ணப் புள்ளி ஒரு வாரத்துக்குள் திரும்பியது. இந்த முறை ஸ்டோரின் எழுத்து நடைமுறையில் ஓர் ஆணையாகவே சேர்ந்தது. இரவு ஷிப்ட் ஊழியர்கள் அதை வரவேற்றார்கள். மங்கலான வெளிச்சத்தில் சின்ன எழுத்தைப் படிப்பதைவிட நிறத்தைப் பார்ப்பது அவர்களுக்கும் சுலபம்.

காது சுத்தம் செய்யப்பட்டது. நீருக்குத் தொடர் கண்காணிப்பு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். பாட்டியின் பெட்டிக்குப் பக்கத்தில் தனக்கும் ஒரு பெட்டி வைத்து, அவரே அதை நிரப்பிக்கொள்கிறார். இந்த மருந்து முழுப் பலன் தர வாரக்கணக்கில் ஆகும். ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து மறுபடி இரத்தம் பார்த்துத்தான் அளவைச் சரிசெய்வார்கள். நிர்வாகத்திடம் இதை முன்கூட்டியே சொல்லி, அதுவரை வேகத்தை வைத்து மதிப்பிட வேண்டாம் என்று எழுத்தில் கேட்டோம். ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கால இடைவெளி எங்களுக்கு ஒன்றைப் பிரித்துக் காட்டியது. புள்ளி வந்த வாரத்திலிருந்தே தேதிப் பிழைகள் நின்றுவிட்டன. அப்போது மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கவே இல்லை. வேகமும் நிற்கும் தெம்பும் மூன்றாவது மாதத்தில்தான் திரும்பின. பிழைக்கு வேலையிடம் காரணம், மந்தத்துக்குப் பெரும்பாலும் உடம்பு காரணம் என்பது எங்கள் கணிப்பு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 'சலிப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

புதிய பொறுப்பாளருக்கு வார்டு எண்ணும் படமும் உள்ள அட்டைகளைக் கொடுத்தோம். போக வேண்டிய வரிசையில் அட்டைகளை வண்டியின் கொக்கியில் மாட்டிவிட்டால் போதும். முதலில் "இதெல்லாம் எனக்கு நேரமில்லீங்க" என்றார். அட்டை மாட்டிய நாளில் தன்னைத் தேடி யாரும் வரவில்லை என்பதைக் கண்டபின் அவரே மற்ற உதவியாளர்களுக்கும் மாட்டத் தொடங்கினார். சிலருக்கு இன்னும் முணுமுணுப்பு உண்டு: "அவங்களுக்கு மட்டும் சலுகை." கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்கு வருபவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை என்று கண்காணிப்பாளர் ஒருமுறை பதில் சொன்னதாகக் கேள்விப்பட்டோம்.

தகுதிகாண் காலம் முடிந்து பணி நிரந்தரமானது. இரண்டாம் ஆண்டில் நேரம் நான்கிலிருந்து ஆறு மணியாக உயர்ந்தது. அதற்கேற்ற சம்பளமும். துணி மடிக்கும் பின்னறைப் பேச்சு அதன்பின் எழவில்லை.

இனி மாற்றிக்கொள்பவை

ஆதரவுத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே உடல்நலத் தேதிகள் இருக்கும்: தைராய்டு, காது, கண், கடைசியாக எப்போது பார்த்தது, அடுத்தது எப்போது, யார் பொறுப்பு. வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் முதலாளிகளிடம் இதைக் காட்ட வேண்டியதில்லை. இது பணியாளரின் கையில் இருக்க வேண்டிய தாள். முதலாளிக்குத் தெரிய வேண்டியது எது என்பதை அவர் தீர்மானிப்பார்.

செய்துகொடுத்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் அது எதற்காக என்று ஒரு வரி எழுதப்பட்டு, நிறுவனத்தின் சொந்த நடைமுறைக் குறிப்பில் சேரும். மென்பொருள், லேபிள், அலமாரி எது மாறினாலும் மாற்றுவதற்கு முன் எங்களுக்கு ஒரு தகவல் என்பதையும் ஒப்பந்தத்தில் கேட்கிறோம். சில நிறுவனங்கள் மறுக்கின்றன. அப்போது அந்தத் தகவல் பணியாளருக்கும் அவர் தேர்ந்தெடுக்கும் ஒரு சக ஊழியருக்கும் வர வேண்டும் என்று கேட்கிறோம்.

அக்கா போன்றவர் அமைவது நற்பேறு. ஆனால் ஒரே ஆளை நம்பியிருப்பது சரிப்படாது. ஐந்தாம் மாதத்தில் விலகும்போது, வேறு ஷிப்டில் இருக்கும் இன்னொருவரும் பணியாளருக்கு நன்றாகப் பழக்கமாகியிருக்கிறாரா என்று பார்த்த பின்பே விலகுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். விலகும் தேதியை அதற்காகத் தள்ளிப்போடவும் தயார்.

விடை கிடைக்காத ஒன்றும் இருக்கிறது. வேலையை இப்படித் துண்டு சேர்த்து உருவாக்கும்போது, அதற்கு மேலே ஏணிப்படி இருப்பதில்லை. ஸ்டோர் உதவியாளரின் அடுத்த நிலை, கணினியில் பதிவு செய்யும் வேலை, அதற்கு வாசிக்கத் தெரிய வேண்டும். நம் பணியாளர் இப்போது அறுவை அரங்குக்குப் போகும் கருவித் தட்டுகளை அடுக்கும் வேலையைக் கேட்கிறார். ஒவ்வொரு தட்டுக்கும் புகைப்படம் வைத்து அடுக்கும் முறையைக் கிருமிநீக்கப் பிரிவு ஒரே ஒரு தட்டு வகைக்கு மட்டும் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறது. அடுக்கிய தட்டை, அங்கே எல்லாருடைய தட்டையும் பார்ப்பதுபோல, இன்னொருவர் சரிபார்ப்பார். சோதனை முடிந்ததும் அந்தப் பணியிடத்துக்கு உரிய ஊதிய விகிதத்தை வைத்துப் பேச வேண்டியிருக்கும்.